ஸ்கூக்லோஸ்டர்: பரோக் மாளிகையா, காலம் தவறிப் பிறந்த கோட்டையா?

கேள்வி: 3 ஜூன் 2024

ஸ்வீடனில் மேலாரன் ஏரிக்கரையில் இருக்கும் ஸ்கூக்லோஸ்டரைக் கையேடுகள் எல்லாம் பரோக் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரக் கட்டடப் பாணி) மாளிகை என்றே குறிப்பிடுகின்றன. படங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சதுரமான கட்டடம், நடுவில் மூடிய முற்றம், நான்கு மூலைகளிலும் எண்கோணக் கோபுரங்கள். வளைவோ நெளிவோ எங்கும் இல்லை. எதை வைத்து இதைப் பரோக் என்கிறார்கள்? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், காலை

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பரோக் என்பது காலத்தை வைத்து ஒட்டிய சீட்டு. கட்டடத்தைப் பார்த்து ஒட்டியது அல்ல. நான் உப்சாலாவில் பழைய கட்டடப் பராமரிப்பில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த மாளிகைக்கு நான்கு முறை போயிருக்கிறேன்.

இதைக் கட்டியவர் கார்ல் குஸ்தாவ் வ்ராங்கெல். 1613இல் இதே இடத்தில், இப்போதைய மாளிகை எழுவதற்கு வெகு முன்பே, பிறந்தவர். ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரில் (1618–1648) படைத்தலைவராக உயர்ந்து, பின்னர் ஸ்வீடனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த, பால்டிக் கடலின் தென்கரையில் உள்ள பொமரேனியாவின் ஆளுநராகவும், கடற்படைத் தலைவராகவும், இறுதியில் நாட்டின் தலைமைப் படைத்தளபதியாகவும் இருந்தவர். வேலை 1654இல் தொடங்கியது. 1676இல் அவர் இறந்ததும் நின்றது. அடிப்படைத் திட்டத்தை ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரைச் சேர்ந்த காஸ்பர் ஃபோகெல் வரைந்தார். பிறகு ஜான் தெ லா வாலே, மூத்த நிக்கோதெமுஸ் தெஸ்ஸீன் ஆகிய இரு கட்டடக் கலைஞர்களின் கையும் இதில் பட்டது.

ஃபோகெல் வரைந்தது நான்கு சிறகுகள் கொண்ட மூடிய சதுரம். இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது ஜெர்மனியின் அஷாஃபென்பர்கில் 1605க்கும் 1614க்கும் இடையில் எழுந்த யோகானிஸ்பர்க் மாளிகை. அதாவது, ஸ்கூக்லோஸ்டருக்கு அடித்தளம் தோண்டியபோதே அதன் அமைப்புக்கு நாற்பது வயது ஆகிவிட்டிருந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1656இல், பிரான்சில் லூயி லெ வோ வடிவமைத்த வோ-லெ-விகோந்த் மாளிகையின் வேலை தொடங்குகிறது. அங்கே மூடிய முற்றம் கிடையாது. முன்னால் திறந்த வாசல், பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தோட்டம், நடுவில் தோட்டத்தை நோக்கிப் புடைத்து நிற்கும் முட்டை வடிவக் கூடம். பரோக் நாட்டுப்புற மாளிகை என்றால் அதுதான். வ்ராங்கெல் தம் பாட்டனார் காலத்துச் சட்டையைப் புதுத் துணியில் தைத்துக்கொண்டார்.

4 ஜூன், இரவு

வார்சாவின் உயாஸ்தூவ் மாளிகையையும் முன்மாதிரியாகச் சொல்வார்களே, அதை ஏன் விட்டேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கும் மூலைக் கோபுரங்கள் உண்டு, பொருத்தம் தெரிகிறது. ஆனால், ஸ்வீடியப் படை வார்சாவுக்குள் நுழைந்தது 1655இல். இங்கே வேலை தொடங்கியது 1654இல். வ்ராங்கெல் வார்சாவைப் பிடித்தபோது பார்த்து மயங்கி, வீட்டுக்கு வந்து அதேபோல் கட்டினார் என்ற கதை அப்படியே நிற்காது. கட்டத் தொடங்கிய பிறகு பார்த்து மாற்றியிருக்கலாம், அச்சுப் படங்களிலோ பிறர் வாய்மொழியிலோ அறிந்திருக்கலாம். படையெடுப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

6 ஜூன்

4 ஜூன் காலையில் எழுதியதில் 'பாட்டனார் காலத்துச் சட்டை' என்பது கொஞ்சம் மிகையாகிவிட்டது. அப்பா காலத்துச் சட்டை என்று திருத்திக்கொள்கிறேன்.

கோட்டையா, அரண்மனையா, மாளிகையா என்ற கேள்வியும் வந்திருக்கிறது. ஸ்வீடிய மொழியில் 'ஸ்லாட்' என்ற ஒரே சொல் மூன்றுக்கும் போதும். மன்னர் வாழும் அரண்மனையும் ஸ்லாட். அகழி சூழ்ந்த கோட்டையும் ஸ்லாட். பிரபு ஒருவரின் பெரிய நாட்டுப்புற வீடும் பல நேரங்களில் ஸ்லாட்தான். தமிழில் நாம் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்ந்தெடுக்கும் சொல் நம் கண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. கோட்டை என்று எழுதினால் கோபுரங்கள் பீரங்கிமேடைகளாகத் தெரியத் தொடங்குகின்றன. ஆனால், இந்தக் கோபுரங்களில் எதிரியைச் சுடுவதற்கான ஏற்பாடு எதுவும் இல்லை. பெரிய சன்னல்கள்தாம் இருக்கின்றன. 1650களில் பீரங்கிக்கு எதிராக இப்படிப்பட்ட மெல்லிய கோபுரத்தை எழுப்ப முடியாது என்பது வ்ராங்கெலைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எதிரிகளின் கோட்டைகளை இடிப்பதே அவர் தொழிலாக இருந்தது. ஆகவே கோபுரம் இங்கே ஆயுதம் அல்ல, அடையாளம். நான் மாளிகை என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

பெயரைப் பற்றி ஒன்று. 'ஸ்கூ' என்றால் ஸ்வீடிய மொழியில் காலணி, 'க்லோஸ்டர்' என்றால் மடம். இந்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் நான் இதைக் 'காலணி மடம்' என்று மொழிபெயர்த்து, துறவியர் செருப்புத் தைத்து வாழ்ந்தார்கள் போலும் என்று ஒரு கதையும் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். உண்மையில் ஸ்கூ என்பது அந்த ஊரின் பெயர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையின் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அவர்களுடைய செங்கல் தேவாலயம் இன்றும் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மடத்து நிலம் மன்னர் கைக்குப் போனது. 1611இல் ஒன்பதாம் கார்ல் மன்னர் அதைக் கார்ல் குஸ்தாவின் தந்தை ஹெர்மன் வ்ராங்கெலுக்குக் கொடுத்தார். இந்தக் குடும்பத்துக்கு இவ்வூரில் வேர் பிடித்தது அப்படித்தான்.

9 ஜூன்

முதல் குறிப்பில் சொன்னதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். கடந்த கோடையில் உள்ளே நடந்து பார்த்தது நினைவுக்கு வந்ததும் அந்தத் தீர்ப்பு உறுத்தத் தொடங்கியது.

பரோக் என்பது வளைவு மட்டும் அல்ல. அது ஒரு வீட்டுக்குள் மனிதர்களை நடத்திச் செல்லும் முறையும்கூட. வாசலில் நிற்பவர் யார், முன்னறைவரை வரத் தகுதி உடையவர் யார், கூடத்தில் அமரக்கூடியவர் யார், படுக்கையறைக்குள் அழைக்கப்படுபவர் யார் என்பதை அறைகளின் வரிசையே முடிவு செய்யும். ஸ்கூக்லோஸ்டரில் அந்த வரிசை இருக்கிறது. முதன்மைத் தளத்தில் மன்னர் கூடம் என்ற பெரிய அறை. பிரபுவுக்கு ஒரு தொகுதி, அவருடைய மனைவிக்கு ஒரு தொகுதி எனத் தனித்தனி அறைத் தொடர்கள். ஒவ்வொரு அறையும் அடுத்ததற்குள் திறக்கிறது. உள்ளே போகப் போக அறை சிறுத்து, அலங்காரம் கூடிக்கொண்டே வருகிறது. வெளியே எவ்வளவு வெறுமையோ உள்ளே அவ்வளவு நெருக்கம். சுவர்களில் பொன் பூசிய தோல் விரிப்புகள், நெய்த திரைகள், ஓவியங்கள். தலைக்கு மேலே சுதை வேலை.

மன்னர் கூடத்தின் விதானத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் நான் முதலில் நினைத்தது தவறு என்று தெரிந்திருக்க வேண்டும். பொற்கம்பளியைத் தேடிப் போன யாசோனின் கிரேக்கக் கதையை அங்கே சுதையில் செய்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். விதானத்திலிருந்து ஒரு பறவை நாகம் (டிராகன்) கீழ்நோக்கிப் பிதுங்கி நிற்கிறது. கண்ணாடிக் கொத்துவிளக்கு அதிலிருந்துதான் தொங்குகிறது. விளக்கைத் தாங்குவதற்கு ஒரு கொக்கி போதுமே, நாகம் எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பரோக் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்.

இங்கே இன்னொருவர் முகம் தெரிகிறது. வ்ராங்கெலின் மனைவி அன்னா மார்கரீத்தா ஃபோன் ஹௌக்விட்ஸ். போரில் குடும்பத்தை இழந்த ஜெர்மானியப் பெண். 1640இல் இருவருக்கும் திருமணம் நடந்தபோது வ்ராங்கெல் இன்னும் போர்க்களத்தில்தான் இருந்தார். அன்னாவுக்கு ஒதுக்கிய அறைகள் பிரபுவின் அறைகளுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. அவர் 1673இல் இறந்துவிட்டார். வீடு முழுமை பெறுவதை அவரும் பார்க்கவில்லை.

ஆகவே, என் திருத்திய கருத்து: ஓடு பழையது, உள்ளே இருப்பது புதியது.

10 ஜூன்

'அப்படியானால் ஓடும் உள்ளீடும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஸ்வீடிய எடுத்துக்காட்டு எது?' என்று கேள்வி கேட்டவரே மீண்டும் கேட்டிருக்கிறார். தொலைவுக்குப் போக வேண்டாம். அதே மேலாரன் ஏரியின் இன்னொரு கரையில் ஸ்டேனிங்கே இருக்கிறது. மூத்த தெஸ்ஸீனின் மகன், இளைய நிக்கோதெமுஸ் தெஸ்ஸீன், 1690களில் கார்ல் யில்லன்ஷேர்னா என்ற பிரபுவுக்காகக் கட்டியது. ரோமில் பரோக் கட்டடக் கலைஞர்களான பெர்னினியையும் கார்லோ ஃபொந்தானாவையும் அருகிலிருந்து பார்த்துக் கற்று, பிரான்சிலும் சுற்றிவிட்டு வந்தவர் இளையவர். அங்கே மூடிய சதுரம் உடைந்து, முதன்மைக் கட்டடம் தனியாகவும் சிறகுக் கட்டடங்கள் விலகியும் நிற்கின்றன. தோட்டத்துப் பக்கம் முட்டை வடிவக் கூடம் புடைத்து வருகிறது. வோ-லெ-விகோந்தை ஒரு ஸ்வீடியப் பிரபுவின் கைக்கு அடக்கமாகச் சுருக்கியது போல இருக்கும்.

ஸ்கூக்லோஸ்டரையும் ஸ்டேனிங்கேயையும் ஒரே நாளில் பார்த்தால் அப்பாவும் மகனும் வாழ்ந்த இரண்டு தலைமுறைகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று புரியும். அளவிலும் ஒரு வேறுபாடு. ஸ்கூக்லோஸ்டர் ஒரு படையையே தங்கவைக்கும் அளவுக்குப் பெரியது. ஸ்டேனிங்கே ஒரு குடும்பம் உண்மையாகவே வாழக்கூடிய வீடு. 1680இல் பதினொன்றாம் கார்ல் மன்னர் காலத்தில், பிரபுக்களுக்கு முன்னர் அள்ளிக்கொடுத்த நிலங்களை அரசு திரும்ப எடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வ்ராங்கெல் அளவுக்குக் கட்டும் துணிவு எந்தப் பிரபுவுக்கும் எளிதில் வந்திருக்காது. பாணி மாறியதற்கு ரோம் ஒரு காரணம் என்றால் வருமானம் மற்றொரு காரணம்.

11 ஜூன்

காய்கறி மன்னரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று வியந்துகொண்டிருந்தேன், இன்று கேட்டுவிட்டார்கள். ஆம், இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோ 1590ஐ ஒட்டி வரைந்த 'வெர்தும்னுஸ்' இங்கேதான் இருக்கிறது. ப்ராகில் ஆண்ட புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபைப் பருவங்களின் உரோமானியத் தெய்வமாகப் பழங்களாலும் காய்களாலும் பூக்களாலும் அமைத்த உருவம்: மூக்கு ஒரு பேரிக்காய், காது ஒரு மக்காச்சோளக் கதிர். பேரரசர் இதைப் பார்த்து மகிழ்ந்தார் என்பதிலிருந்து அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. நம் ஊர்ப் பேரூராட்சித் தலைவரை இப்படிப் பூசணிக்காயில் வரைந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் படம் வாங்கியது அல்ல. 1648இல், போர் முடிகிற நேரத்தில், ஸ்வீடியப் படை ப்ராகில் ருடால்ஃபின் சேகரிப்பை வாரிக்கொண்டு வந்தபோது வந்தது. பக்கத்துத் தேவாலயத்திலும் போலந்தின் ஒலிவா மடாலயத்திலிருந்து போர்க்கொள்ளையாக வந்த பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தது தந்தை வ்ராங்கெலின் காலம். அன்றைய போர் வழக்கப்படி இது வெட்கத்துக்குரிய செயலாக எண்ணப்படவில்லை. வெற்றியின் சான்றாக வரவேற்பறையில் மாட்டி வைக்கும் பொருளாகவே இருந்தது. அந்த வரவேற்பறைகளை வியந்து நான் இரண்டு நாள் முன்பு எழுதியதை இப்போது படிக்கும்போது, பொன் பூசிய தோலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பொமரேனியாவின் வருமானம், போரில் வந்த பொருள், அரசு கொடுத்த நிலம்: இவைதாம் அந்தச் சுவர்கள்.

15 ஜூன்

முடிக்கப்படாத கூடத்தைப் பற்றித் தனியாக எழுதக் காரணம், நான் உண்மையில் பார்க்கப் போவது அதைத்தான்.

மேல்தளத்தில் பெரிய விருந்துக்கூடமாகத் திட்டமிட்ட அறை அது. 1676இல் வ்ராங்கெல் ரூகன் தீவில் இருந்த தம் ஸ்பீக்கர் மாளிகையில் இறந்தார். இங்கே வேலை நின்றது. கட்டுவோர் கருவிகளை விட்டுவிட்டுப் போனார்கள். வாரிசுகள் அதை முடிக்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. அதனால் மற்ற அறைகளில் சுதையும் தோலும் மறைத்து வைத்திருக்கும் உடம்பு இந்த ஓர் அறையில் மட்டும் திறந்து கிடக்கிறது. பூச்சு ஏறாத செங்கல் சுவர், மேலே மச்சின் மர உத்தரங்கள், கீழே முரட்டுத் தளம். இழைப்புளி, உளி, அளவுகோல் என்று 17ஆம் நூற்றாண்டுத் தச்சர்களின் கருவிகள் இங்கே எஞ்சியிருக்கின்றன. அக்காலத்துக் கைக்கருவிகள் வழக்கமாகத் தேய்ந்து, உடைந்து, விறகாகிப் போனவை. சேர்ந்த தொகுப்பாகக் கிடைப்பது மிக அரிது. மரவேலை வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு நாகவிளக்கைவிட இது பெரிய புதையல்.

என் தொழில் காரணமாக எனக்கு அங்கே இன்னொன்று தெரிந்தது. மன்னர் கூடத்தின் விதானம் கல்லைப்போல் கனமாகத் தோன்றும். முடிக்கப்படாத கூடத்தில் நின்று மேலே பார்த்தால், இப்படிப்பட்ட விதானங்கள் மரச் சட்டத்தின்மேல் ஆணியடித்த பலகையையும் அதன்மேல் ஏறும் சாந்தையும் நம்பித் தொங்குகின்றன என்பது விளங்கும். பரோக் கூடத்தின் வீறு அனைத்தும் தச்சரின் ஆணியில் நிற்கிறது. ஒரு கண்காட்சிப் பலகை பத்து வரிகளில் விளக்க வேண்டியதை அந்த வெற்றுச் சுவர் ஒரு பார்வையில் விளக்கிவிடுகிறது.

வ்ராங்கெலுக்கே கைவேலையில் விருப்பம் உண்டு. மரத்தையும் தந்தத்தையும் கடைசல் பிடிப்பது அக்காலத்து மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு. மாளிகையில் அதற்கென்று ஓர் அறையும் கடைசல் எந்திரமும் இருக்கின்றன. படைத்தளபதி மரச்சுருளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால், அவர் இந்த வீட்டில் மொத்தமாகத் தங்கியது சில வாரங்கள் மட்டுமே என்று சொல்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிய வீட்டைப் பெரும்பாலும் பொமரேனியாவிலிருந்து கடிதம் வழியாகவே நடத்தினார். வீடு கட்டும்போது ஊரில் இல்லாமல் தொலைபேசியில் கொத்தனாரை விரட்டும் நம்மவர்களுக்கு அந்த நிலை புரியும்.

16 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'கருவிகளை விட்டுவிட்டுப் போனார்கள்' என்பதைப் படித்து, 1676இல் கீழே வைத்த உளி அதே இடத்தில் இன்றும் கிடப்பதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். தவறு என் வாக்கியத்தில்தான். கருவிகள் அக்காலத்தவை, ஆனால் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளாக யாருமே தொடாமல், தூசியும் தட்டாமல் ஒரு வீடு இருக்க முடியாது. அறை நின்றுபோனதுதான் வரலாறு. உளி கிடக்கும் கோணம் அருங்காட்சியகம் நமக்காக வைத்த காட்சி. இந்த வேறுபாட்டை வழிகாட்டிகள் சில நேரம் புன்னகையோடு மறைத்துவிடுவார்கள்.

16 ஜூன், சற்று நேரம் கழித்து

நூலகமும் ஆயுதச்சாலையும் மேல்தளத்தில் இருப்பதைச் சொல்ல மறந்தேன். அறைகளுக்கு ஐரோப்பிய நகரங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். வீட்டைவிட்டு நகராமலே ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்துக்குப் போகலாம். அந்த நகரங்களில் சிலவற்றை வ்ராங்கெல் முற்றுகையிட்டிருப்பார் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

22 ஜூன்

கோடை நடுத்திருவிழா முடிந்து ஊரே உறங்குகிறது. நான் சுண்ணாம்பைப் பற்றி எழுதுகிறேன்.

இவ்வளவு பெரிய வெள்ளைச் சுவர் ஏரிக்காற்றில் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை 1970களில் இருக்கிறது. மாளிகை 1967இல் அரசின் கைக்கு வந்த பிறகு, ஊவெ ஹீதமார்க் என்ற கட்டடக் கலைஞர் பழுதுபார்க்கும் பணியை நடத்தினார். அது சிமெண்டும் பிளாஸ்டிக் கலந்த வண்ணங்களும் எல்லாச் சிக்கல்களுக்கும் தீர்வு என்று நம்பப்பட்ட காலம். ஹீதமார்க் எதிர்த்திசையில் போனார். கட்டடம் எதனால் ஆனதோ அதனாலேயே அதைச் சீர்செய்ய வேண்டும் என்று முடிவு செய்து, சுண்ணாம்புச் சாந்தையும் பழைய கைமுறைகளையும் மீட்டெடுத்தார்.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடவும் செய்யும். அதன்மேல் இறுக்கமான சிமெண்டுப் பூச்சை ஏற்றினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றித் தேங்கும். ஸ்வீடியக் குளிரில் அது உறைந்து விரியும். வசந்தத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, கூடவே செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியது, ஆனால் தான் அழிந்து சுவரைக் காக்கும். என் வேலையின் முதல் ஆண்டில், பழைய செங்கல் வீடு ஒன்றுக்குச் சிமெண்டுப் பூச்சைப் பரிந்துரைத்த குழுவில் நானும் இருந்தேன். மூன்றாம் குளிர்காலத்தில் அந்தச் சுவரைப் பார்க்கப் போனவனும் நானே. அதற்குப் பிறகுதான் ஸ்கூக்லோஸ்டரின் வெள்ளைச் சுவரை அலங்காரமாகப் பார்ப்பதை விட்டேன்.

ஹீதமார்க்கின் பெயர் பின்னால் இன்னும் பெரிய நெருப்பில் புடம் போடப்பட்டது. 1990இல் ஸ்டாக்ஹோமின் கத்தரீனா தேவாலயம் எரிந்தபோது, அதைப் பழைய முறைகளிலேயே மீண்டும் எழுப்பியவர் அவர். 1995இல் அது மறுபடியும் திறந்தது. அந்தத் தேவாலயத்தை 17ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தவர், இந்த இழையில் முன்பே வந்துபோன ஜான் தெ லா வாலே.

29 ஜூன்

வீடும் பொருள்களும் சிதறாமல் எப்படித் தப்பின என்று கேட்டவருக்கு. இரண்டு காரணங்கள்: ஒன்று சட்டம், மற்றொன்று குளிர்.

வ்ராங்கெலுக்கு ஆண் வாரிசு நிலைக்கவில்லை. மகள் மார்கரீத்தா யுலியானா, நில்ஸ் ப்ராஹே என்ற பிரபுவை மணந்திருந்தார். அந்த வழியாக மாளிகை ப்ராஹே குடும்பத்துக்குப் போனது. இது 'ஃபிதேய்கொமிஸ்' என்ற ஏற்பாட்டின்கீழ் வந்தது: சொத்தை விற்கவோ பங்கு போடவோ கூடாது, வரிசைப்படி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு முழுதாகவே போகவேண்டும். உடன்பிறந்தோருக்கு அநீதி, ஓவியங்களுக்கு நல்வாய்ப்பு. ப்ராஹே குடும்பம் 1930இல் அற்றுப்போனது; பிறகு ஃபோன் எஸ்ஸென் குடும்பம். 1963இல் இயற்றிய சட்டம் இந்த வகைச் சொத்துரிமையைப் படிப்படியாக ஒழிக்கத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குள் ஸ்கூக்லோஸ்டரை அரசு வாங்கிவிட்டது.

ப்ராஹே குடும்பத்துக்கு வேறு வீடுகளும் இருந்தன. இங்கே நிரந்தரமாக வாழவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் யாரும் இதற்கு வெப்பமூட்டும் அமைப்பைப் பொருத்தவில்லை, அறைகளைப் புதுப் பாணிக்கு மாற்றவும் இல்லை. வசதியான வீடாக இருந்திருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சுவரை இடித்திருக்கும். வ்ராங்கெலின் மற்றொரு வீட்டை இதோடு ஒப்பிடலாம். ஸ்டாக்ஹோமின் ரித்தர்ஹோல்மன் தீவில் இருக்கும் அவருடைய மாளிகை நகரத்து நடுவில் இருந்ததால் எல்லோருக்கும் தேவைப்பட்டது. 1697இல் அரண்மனை எரிந்தபோது அரச குடும்பமே அங்கே குடிபுகுந்து, 1754வரை இருந்தது. இன்று அது மேல்முறையீட்டு நீதிமன்றம். அதற்குள் போய் வ்ராங்கெலைத் தேடினால் கோப்புகள்தாம் கிடைக்கும்.

4 ஆகஸ்ட்

இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நேற்று ஸ்கூக்லோஸ்டருக்கு ஐந்தாம் முறையாகப் போய்வந்ததால் இன்னொரு திருத்தம் வந்திருக்கிறது. முந்தைய நான்கு முறையும் நிலத்து வழியாகக் காரில் போனவன், இம்முறை அலுவலக நண்பர் ஒருவரின் படகில் போனேன்.

17ஆம் நூற்றாண்டில் மேலாரன் ஏரிதான் நெடுஞ்சாலை. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் சறுக்குவண்டி. மாளிகையின் முகப்பு தண்ணீரைப் பார்த்து நிற்பதை அறிந்திருந்தும் அதன் பொருளை நான் உணர்ந்திருக்கவில்லை. வளைவு திரும்பியதும் மரக்கூட்டத்துக்கு மேலே முதலில் கோபுர உச்சிகள் தெரிந்தன. பிறகு நீண்ட நேரம், படகு எவ்வளவு போனாலும் நெருங்காதது போல, வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. கடைசியில் ஒரே மூச்சில் நான்கு தளங்களும் தலைக்கு மேல் வந்து நின்றன. பரோக் மாளிகை விருந்தினரைத் தோட்டத்தின் நேர்கோட்டில் நடத்தி வந்து திகைக்கவைக்கும் என்று 4 ஜூன் அன்று எழுதாமல் எழுதியிருந்தேன். இங்கே அந்த நேர்கோடு தண்ணீரில் கிடக்கிறது. மூடிய சதுரம் பழையதுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதை வைத்த இடமும் அதன் வெண்மையும் பழையவை அல்ல.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எரிக் டால்பெர்க் அக்காலத்து ஸ்வீடனின் மாளிகைகளைச் செப்புத்தகட்டுப் படங்களாகத் திரட்டிய 'சுயேசியா' தொகுப்பில் ஸ்கூக்லோஸ்டரும் இருக்கிறது. அந்தத் தொகுப்பு கட்டடங்களை இருந்தபடி மட்டும் காட்டவில்லை. உரிமையாளர் எப்படி இருக்கவேண்டும் என்று விரும்பினாரோ அப்படியும் காட்டியது. ஆகவே, அந்தப் படங்களில் ஒழுங்கான தோட்டக் கட்டங்களைக் கண்டு, 'இதோ பரோக் தோட்டம்' என்று எனக்கு அனுப்பிய நண்பர் கொஞ்சம் பொறுக்கவேண்டும். படகிலிருந்து நான் பார்த்தது ஏரி, புல், சுவர், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர் இலையுதிர் காலத்தில் வரப்போவதாக எழுதியிருக்கிறார். முன்கூட்டியே திறப்பு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போனபோது மேல்தளங்களுக்கும் முடிக்கப்படாத கூடத்துக்கும் வழிகாட்டியோடு மட்டுமே விட்டார்கள். வெளியே வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கையில் வைத்திருங்கள். அந்தச் சுவர்கள் போன குளிர்காலத்தை ஆகஸ்ட் வரையில் உள்ளே வைத்திருக்கின்றன.